விசாரணை அறைக்குள் எல்லோரும் ஊமை

என் வீட்டுக்காரர் ஜாக்கி. ஜாக்கி என்றால் ரேசில் பணம் கட்டித் தோற்றுவிட்டு வருகிறவர் என்று செவ்வாப்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "பாவம், நல்ல பொண்ணு, இப்டி ஒரு ஆளுக்கு வாக்கப்பட்டுச்சே" என்று பால் வாங்கும் இடத்தில் என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். பந்தயத்தில் குதிரைமேல் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத்தான் ஜாக்கி என்று பேர், அவர் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது, கட்டினால் லைசென்சே போய்விடும் என்று விளக்கி விளக்கி என் தொண்டை வற்றிப்போனது. இப்போது விட்டுவிட்டேன். நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தத் தொழிலில் எனக்கு உண்மையான வயிற்றெரிச்சலைக் கொடுத்தது அக்கம்பக்கத்துப் பேச்சு இல்லை. போன சீசனில் நடந்த ஒரு விசாரணை. எந்த ஊர் மைதானம் என்று எழுத மாட்டேன். அவர் மூன்று நான்கு ஊர்களில் ஓட்டுகிறவர், பிழைப்பு இன்னும் அங்கேதான்.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு முடிந்திருந்தது. அந்தத் தொழிலில் அது கிழவன் கணக்கு. நல்ல குதிரைகளெல்லாம் இளவட்டங்களுக்குப் போய்விடும். இவருக்குக் கிடைப்பது கடைசியில் வருவதற்கென்றே பிறந்த குதிரைகள். அப்படி இருக்கும்போதுதான் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை இவர் கைக்கு வந்தது. யாரை ஏற்றினாலும் உதறித் தள்ளும். பந்தயம் தொடங்கும் கேட்டுக்குள் போகச் சொன்னால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். டிரெய்னர், அதாவது குதிரையைப் பழக்கிப் பந்தயத்துக்கு அனுப்புகிறவர், அலுத்துப்போய் "நீயே பாருய்யா" என்று இவரிடம் தள்ளிவிட்டார். இவர் அதோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டினார். விடியும்போது போய் அதன் கழுத்தைத் தடவிக் கொஞ்சுவார், கொஞ்ச நேரத்தில் அசிங்க அசிங்கமாகத் திட்டுவார், மறுபடி கொஞ்சுவார். என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. அது இவருக்கு மட்டும் அடங்கியது. சின்னச் சின்ன ரேஸ் இரண்டில் முதலாகவும் வந்துவிட்டது.

சீசன் முடிவில் பெரிய ரேஸ். அதில் செவலை ஓடும், நீதான் ஏறப்போகிறாய் என்று டிரெய்னர் சொல்லிவிட்டார். இவர் வாழ்க்கையில் பெரிய ரேஸ் ஒன்றுகூட ஜெயித்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து, எடை ஏறிவிடும் என்று வருஷக்கணக்கில் தொடாத மைசூர் பாகில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இது ஒண்ணு வந்துட்ச்சுன்னா போதும்மே. அதோட எறங்கிக்கிறேன். சத்தியமா" என்றார்.

எனக்கு அந்த 'இறங்கிக்கிறேன்'தான் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். பந்தயக் குதிரையிலிருந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவரை அந்தப் பெரிய ரேசில் ஏற்றி, இறக்கி, வீட்டில் உட்காரவைத்துவிட வேண்டும். என் ஜெபமெல்லாம் அதற்குத்தான் போனது.

நான் கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பகுதி சூப்பர்வைசர். செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால் கம்பெனி பஸ் நிற்கும். அவர் ரேசை நான் கேன்டீனில் உட்கார்ந்து போனில்தான் பார்ப்பேன். பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது.

பெரிய ரேசுக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு நாள் அப்படித்தான் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கு அன்று வேறு குதிரை, சாம்பல் நிறம். வளைவில் உள்பக்க வேலியை ஒட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். வெளிப்பக்கம் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தது இவருடைய உயிர் சிநேகிதர், திருப்பாச்சூர்க்காரர். இரண்டு பேரும் ஒரே லாயத்தில் தொழில் கற்றவர்கள். என்னை அண்ணி அண்ணி என்று சுற்றி வருகிறவர்.

இங்கே ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். முன்னால் போகிறவர் வேலியோரம் வர ஆசைப்பட்டால் வரலாம். ஆனால் பின்னால் வருகிற குதிரையை நன்றாகத் தாண்டி, நடுவில் இரண்டு குதிரை நீளம் இடம் விட்ட பிறகுதான் உள்ளே வர வேண்டும். அதற்கு முன்பே குறுக்கே வந்தால், பின்னால் வருகிறவருக்குப் போக்கிடம் இல்லை. அவருடைய குதிரையின் முன்னங்கால் முன்னால் போகிற குதிரையின் பின்னங்காலில் மாட்டும். இதற்குப் பேர்தான் கவனக்குறைவான சவாரி. வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்க மாட்டார்கள். செய்தாயா, அவ்வளவுதான். செய்திருந்தால் இத்தனை ரேஸ் நாளுக்குக் குதிரை ஏறக் கூடாது என்று நிறுத்திவைப்பார்கள்.

திருப்பாச்சூர்க்காரர் இடம் விடவில்லை. சாட்டையை வீசிக்கொண்டே உள்ளே வந்தார். சாம்பல் குதிரையின் தலை சட்டென்று கீழே போனதைப் பார்த்தேன். அவ்வளவுதான். கேமரா முன்னால் போகிற குதிரைகளோடு போய்விட்டது, பாவிகள், விழுந்தவரைக் காட்டவில்லை. கேன்டீனில் நான் போட்ட சத்தத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து ஓடிவிட்டது. இவருக்கு இடது தோளில் காலர் போன் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். "பெரிய ரேசுக்குள்ள சரியாய்டும், டாக்டரே சொல்ட்டாரு" என்பதுதான் என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை. எனக்கும் அதுதான் முதல் நிம்மதி, மறைப்பானேன்.

"அவன்தானே குறுக்க வந்தான்?" என்று கேட்டேன்.

"ஆமா. அவசரப்பட்டுட்டான்" என்றார். பக்கத்து வீட்டுக்காரன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டான் என்கிற மாதிரி சொன்னார்.

கட்டு அவிழ்க்கும் முன்பே விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஸ்டூவர்டு என்று சொல்லப்படும் பெரியவர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். முன்பக்கக் கேமராவில் சரியாக அந்த நேரத்தில் வேறொரு குதிரை மறைத்துவிட்டது. பக்கவாட்டுக் கேமராவில் எது முன்னால், எது உள்ளே என்று தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே இவர் சொல்வதுதான் சாட்சி. விழுந்தவர் இவர். தோளில் கட்டோடு நிற்கிறவர் இவர். நடந்ததை நடந்தபடி சொன்னால் முடிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் முகத்தில் சுரத்தே இல்லை.

"இன்னாச்சு? அவன எத்தினி நாள் நிறுத்தி வச்சாங்க?"

"அவன இல்லமே. என்ன."

எனக்குப் புரியவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. இந்த ஜாக்கிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டாம். மைதானத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளலாம், உடை மாற்றும் அறையில் சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் விசாரணை அறைக்குள் ஒருத்தன் மேல் இன்னொருத்தன் சொல்லக் கூடாது. 'குதிரை தானா சாஞ்சிச்சு சார்', 'தானா தடுக்கிச்சு சார்', இதற்கு மேல் அங்கே எவன் வாயிலிருந்தும் வராது. ஸ்டூவர்டுகள் விடாமல் கேட்டிருக்கிறார்கள். தானாகத் தடுக்கியது என்பது எடுபடவில்லை என்று தெரிந்ததும் என் புத்திசாலி என்ன சொன்னார் தெரியுமா? "எடம் இருக்குன்னு நெனச்சு நான்தான் சார் நெருக்கிப் போனேன்."

அவ்வளவுதான், எழுதிக்கொண்டார்கள். முன்னால் போகிற குதிரையின் காலுக்கு மிக அருகில் ஓட்டினார், கவனக்குறைவான சவாரி. விழுந்தவருக்கே தண்டனை! அதுவும் எப்போதிலிருந்து? உடம்பு தேறி, டாக்டர் 'இனி ஏறலாம்' என்று சொல்கிற நாளிலிருந்து. படுக்கையில் கிடக்கிற நாளெல்லாம் தண்டனையில் கழியாதாம். கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய ரேஸ் அதற்குள்தான் வந்தது. செவலை போச்சு. 'இறங்கிக்கிறேன்' போச்சு.

"யோவ், உனக்கு இன்னா பைத்தியமா? வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? அவன் மடக்கினான்னு சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"உள்ள போனா அப்டி சொல்றதில்லமே."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. அப்டித்தான்."

'அப்படித்தான்' என்று சொல்கிற மனுஷனிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் திருப்பாச்சூர்க்காரர் உள்ளே என்ன சொன்னார் என்று கேட்டேன். "அண்ணன் சொல்றதுதான் சார்" என்று சொன்னாராம். சொல்ல மாட்டாரா பின்னே!

இரண்டு நாள் கழித்து அவரே ஒரு பெரிய பாத்திரம் நிறைய மட்டன் பிரியாணியோடு வந்தார். அதுவும் வழக்கமாம். குறுக்கே வந்து மடக்கியவன், மடக்கப்பட்டவன் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே கூடாது. இரண்டு ஜாக்கிகளும் எடைக்குப் பயந்து ஆளுக்கு ஒரு துண்டு கறியை மட்டும் எடுத்துச் சப்பிவிட்டு, ஏதோ பெரிய சபையில் ராஜியான மாதிரி சிரித்துக்கொண்டார்கள். மீதியை நான்தான் மூன்று வேளை சாப்பிட்டேன். பிரியாணி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

மறுநாள் கம்பெனியில் ஒரு சங்கதி. பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர் ஆர்.கே.பேட்டைக்காரர், நல்ல மனுஷன். சரக்கு ஏற்றும் அவசரத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டி மூலையைக் குறுக்கே வெட்டித் திருப்பினார். நடந்து வந்த பெண் ஒருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கீறல் இல்லாவிட்டாலும் மேலே சொல்லியே ஆக வேண்டும் என்பது எங்கள் இடத்து விதி. அந்தப் பெண் "வேணாம்க்கா, பாவம்க்கா, அவருக்கு ரெண்டு கொழந்தங்க" என்றாள். நான் சொல்லிவிட்டேன். அவரை வண்டியிலிருந்து இறக்கி ஒரு வாரம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு மாசம் ஆனது. ஆனால் அந்த மூலையை அவர் அதற்கப்புறம் வெட்டித் திருப்பியதே இல்லை, நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு ஆத்திரம் அதிகமானது. பெட்டி தூக்குகிற வண்டிக்கு இருக்கிற ஒழுங்கு, உயிரோடு நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிற குதிரைக்கு இல்லையா?

அப்பீல் செய்யலாம் என்று டிரெய்னர்தான் போனில் சொன்னார். அவருக்கும் செவலை மேல் இவர்தான் ஏற வேண்டும். "உண்மைய சொல்லச் சொல்லும்மா உன் புருஷன. இல்லைன்னா நான் திருப்பாச்சூர் ஆளத்தான் ஏத்தணும். வேற யாரு இருக்கா?" என்றார்.

கேட்டீர்களா நியாயத்தை? மடக்கினவனுக்கே குதிரை! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "நீ அப்பீல் போடறியா, இல்ல நானே அங்க வந்து வாசல்ல குந்திக்கவா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். முனகிக்கொண்டே போட்டார். ஆனால் உள்ளே போய் இந்தக் கல்லுளிமங்கன் மறுபடியும் அதையேதான் சொல்வார் என்று எனக்கும் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே திருப்பாச்சூருக்குப் போனேன்.

உச்சி வெயில். கோயில் மதிலைச் சுற்றி, உடம்பு முழுக்க ரப்பர் சட்டை போட்டுக்கொண்டு, அதற்குமேல் ஸ்வெட்டரும் போட்டு அந்த மனுஷன் ஓடிக்கொண்டிருந்தார். எடை குறைக்கிறாராம். செவலை மேல் ஏறுவதற்காகத்தான் இருக்கும் என்று நினைத்ததும் எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"நல்லாருக்கு தம்பி. அவரு தோள ஒடச்சிட்டு, அவரு குதிரையில ஏற வேர்த்து ஊத்திக்கினு இருக்கியே. இன்னொரு குண்டான் பிரியாணி குடுத்துட்டா இதுவும் சரியாய்டுமா?"

அவர் நின்றார். மூச்சு வாங்கியது. மதில் நிழலில் அப்படியே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, நான் தூங்கியே எத்தினி நாளாச்சு தெரியுமா? நான்தான் வந்தேன் அண்ணி. அண்ணன் உள்ளார இருக்காருன்னு தெரிஞ்சுதான் வந்தேன். கத்தினாரு, காதுல உழுந்துச்சு. கொஞ்சம் எடம் இருக்கும்னு நெனச்சேன்."

"அத என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற? உள்ள வந்து சொல்லு."

எழுந்து நின்றார். பிறகு ரப்பர் சட்டையின் ஜிப்பை இறக்கினார். உள்ளே தேங்கியிருந்த வேர்வை தரையில் கொட்டியது. "வரேன் அண்ணி. இன்னா ஆனாலும் ஆகட்டும். அந்தக் குதிர மேல நான் ஏற மாட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாள் இந்த ஆளைத் திட்டினோமே, நல்லவன்தான், என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பீல் நாளில் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அந்த அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. வராந்தாவில் டிரெய்னரும் நானும் நின்றோம். கதவுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே பேசுவது கேட்டது.

முதலில் திருப்பாச்சூர்க்காரர் குரல். வாக்குக் கொடுத்தபடியே சொல்லிவிட்டார். "நான்தான் சார் எடம் உடாம உள்ள வந்தேன். அண்ணன் மேல தப்பே இல்ல." டிரெய்னர் என்னைப் பார்த்துக் கையை மடக்கிக் கட்டை விரலைக் காட்டினார். நான் கண்ணை மூடி, ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம் என்றேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஸ்டூவர்டு ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. அடுத்து என் வீட்டுக்காரர் குரல்.

"அவன் பொய் சொல்றான் சார். நான் பெரிய ரேஸ்ல ஏறணும்னு என்னக் காப்பாத்தறதுக்காக சொல்றான். எடம் இருந்துச்சு. நான்தான் நெருக்கினேன்."

டிரெய்னர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். உள்ளே "இல்ல சார் நான்தான்", "அவன நம்பாதீங்க சார்" என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க இரண்டு பேர் சண்டை போடுவார்களே, அந்த மாதிரி. "யாராவது ஒருத்தராவது உண்மையைச் சொல்லுங்கப்பா!" என்று பெரியவர் மேசையைத் தட்டினார்.

முடிவு என்ன தெரியுமா? இவருக்குக் கொடுத்த தண்டனையை இவர் வாயாலேயே உறுதிப்படுத்திவிட்டதால் அது அப்படியே நிற்கும். திருப்பாச்சூர்க்காரர் தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டதால் அவருக்கும் அதே அளவு தண்டனை, முதல் விசாரணையில் மறைத்ததற்காகக் கூடுதலாகக் கொஞ்சம். இரண்டு பேரும் பெரிய ரேசில் இல்லை. செவலையில் ஏற வெளியூரிலிருந்து ஒரு ஜாக்கியைக் கூப்பிடுவது என்று டிரெய்னர் அந்த வராந்தாவில் நின்றபடியே போன் போட ஆரம்பித்துவிட்டார்.  அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. திருப்பாச்சூர்க்காரர் எங்கள் பக்கம் வராமல் கதவோரம் போய் நின்றுகொண்டார். நான் ஆவடி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அவனே வந்து ஒத்துக்கினான். நீ சும்மா இருந்திருந்தாலே போதும். சும்மாகூட இருக்கத் தெரியாதா உனக்கு? ஏன்யா? ஏன்?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "என்னாலயும் ஒருத்தன் உழுந்துகிறான்மே. உன்னக் கட்டிக்கிறதுக்கு முன்ன. நான் மடக்கினேன், இவன் மாதிரியேதான். அவனுக்கு இடுப்பு போச்சு. உள்ள வந்து, குதிர தானா தடுக்கிச்சுன்னு சொன்னான். ஊனுகோல வச்சுக்கினு நின்னு சொன்னான். எனக்கு ஒரு நாள்கூட தண்டன இல்ல."

"இப்ப எங்க இருக்கான்?"

"அங்கதான். காலைல குதிரைங்க மைதானத்துக்குள்ள போறப்ப கேட்டத் தொறந்து உடறான். தெனம் எனக்கு குட்மார்னிங் சொல்றான். அவன் என்னச் சொல்லல. நான் எப்டி இவன சொல்ல உடறது? இவன் வந்து ஒத்துக்கினான்னா, அன்னிக்கு ஒத்துக்காத நான் யாரு?"

எனக்கு அந்த கேட்டுக்காரர் முகம் தெரியாது. ஆனால் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்த இவரைப் பார்க்க அப்போது பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. "அந்த மனுஷன் அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா உன்ன நிறுத்தி வச்சிருப்பாங்க. நீ ஒழுங்கா ஓட்டக் கத்துக்கினு இருப்ப. உன்னப் பாத்து இவன் கத்துக்கினு இருப்பான். உன் தோளும் முழுசா இருந்திருக்கும்" என்றேன்.  செவ்வாப்பேட்டை வந்ததும் இறங்கினோம். திருப்பாச்சூர்க்காரர் கதவோரமாக நின்றபடி, திருவள்ளூர் பக்கம் பார்த்துக்கொண்டே போனார்.

பெரிய ரேஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதற்குள் இவருக்கு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. டாக்டரும் ஏறலாம் என்று சொல்லிவிட்டார். ஏறலாம், ஆனால் ஏறக் கூடாது. பார்க்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சொம்பில் போனைச் சாய்த்துவைத்துவிட்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். துண்டை முறுக்கிக் கடிவாளம் மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். எந்த ரேஸ் பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செவலை கேட்டுக்குள் அடம் பிடிக்காமல் போனது. இவர் "என் தங்கம்" என்றார். வளைவில் நான்காவதாக வந்தது, திரும்பியதும் கட்டவிழ்த்துவிட்ட மாதிரி கிளம்பியது. இவருடைய பிட்டம் கட்டிலைவிட்டு எழும்பிவிட்டது. முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து, நிஜமாகவே அதன்மேல் இருந்தார். நானும் எல்லாவற்றையும் மறந்து "வா வா வா" என்று கத்திக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தான். செவலைதான் முதல்.

அப்போது வலது பக்கம், வேலிக்கும் செவலைக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு கறுப்புக் குதிரை தலையை நுழைத்தது. செவலை மேல் இருந்த வெளியூர் ஜாக்கி அதைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, குதிரையை நேராகவே பிடித்துக்கொண்டார். உள்ளே சாயவில்லை.

என் பக்கத்தில் இவருடைய வலது கை துண்டை வெடுக்கென்று உள்பக்கம் இழுத்தது. "மூட்றா! மூடு! மூட்றா அத!" என்று வீடு அதிரக் கத்தினார்.

கறுப்புக் குதிரை அந்தச் சந்து வழியாக வந்து, செவலையை ஒரு மூக்கு வித்தியாசத்தில் முந்திவிட்டது.

இவர் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். துண்டை வீசியெறிந்தார். "எடம் உட்டுட்டான் பாரு, மடையன். நானா இருந்தா மூடியிருப்பேன்" என்றார்.

போனில் கறுப்புக் குதிரையின் ஜாக்கியைக் காட்டினார்கள். முகமெல்லாம் மண். இறங்கி நின்று, பல் தெரியச் சிரித்துக்கொண்டே, தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவருக்கும் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பொம்பளை இப்படி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து சோறு வடிக்கப் போயிருப்பாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை.

அவர் பதறிப்போய் என் தோளைத் தொட்டார். "இன்னாமே நீ, சின்னப் புள்ளயாட்டம்? ஒரு மூக்குலதானே போச்சு. உடு, அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.